ஒல்லிக் குழந்தை, உள்ளே கொழுப்பு

குழந்தை பிறந்தது என்றால் நாம் என்ன கேட்கிறோம்? "ஆணா, பெண்ணா?" என்று கேட்கிறோம். அடுத்து, "எத்தனை கிலோ?" என்று கேட்கிறோம். இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. இந்தப் பாடம் அதைப் பற்றியதே.

சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் குண்டானவருக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிறோம். திருப்பதியிலோ வேலூரிலோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்களா? சர்க்கரை மாத்திரை வாங்க நிற்பவர்கள் எல்லோரும் குண்டானவர்களா? இல்லை. ஒல்லியானவர்களும் நிற்கிறார்கள். கூலி வேலை செய்பவர்களும் நிற்கிறார்கள். ஏன்?

மகாராஷ்டிரத்தில் புனே என்ற நகரம் இருக்கிறது. அங்கே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் அவரோடு இருந்தவர்களும் 1993-இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். ஆறு கிராமங்களுக்குப் போனார்கள். கர்ப்பிணிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். குழந்தை பிறந்ததும் எடை போட்டார்கள். இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் என்ற ஊரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள்.

இங்கிலாந்துக் குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோ. புனே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. நம் குழந்தை சிறியது. இது தெரிந்த விஷயம்தான்.

தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தோளுக்குப் பின்னால் தோலைக் கருவியால் பிடித்து அளந்தார்கள். தோலுக்கு அடியில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அது காட்டும். நம் குழந்தைக்குக் கை ஒல்லி. தசை குறைவு. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் சிறியவை. ஆனால் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இதனால் என்ன கெடுதல்? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை எடுத்துச் செலவழிப்பது பெரும்பாலும் தசைதான். இன்சுலின் என்ற சுரப்பு அதற்கு உதவுகிறது. தசை குறைந்து கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும்.

இங்கிலாந்தில் 2004 முதல் 2007 வரை பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். எல்லோருக்கும் 9, 10 வயது. அவர்களில் வெள்ளைக்காரர் பிள்ளைகள் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில் இன்சுலினும் ஒரு வகைக் கொழுப்பும் கூடுதலாக இருந்தன. பத்து வயதிலேயே இப்படி!

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளை விடாமல் எடை போட்டு வந்தார்கள். அவர்கள் 26 முதல் 32 வயதானபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை கூடியவர்கள் யார்? இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, பிறகு பன்னிரண்டு வயதுக்குள் வேகமாக எடை கூடியவர்கள். பன்னிரண்டு வயதிலும் அவர்கள் குண்டாக இல்லை என்பதைக் கவனியுங்கள். சித்தூருக்குப் பக்கத்தில் உள்ள வேலூரிலும் இப்படி ஒரு ஆய்வு நடந்தது. அங்கும் வளரும் வயதில் எடை அதிகம் கூடியவர்களுக்கே சர்க்கரை அதிகம்.

அப்படியானால் சின்னக் குழந்தைக்குச் சோற்றைக் குறைக்கலாமா? கூடவே கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், பருப்புச் சோறு, முட்டை. இரண்டு வயது வரை நன்றாக வளர வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் கவனம் தேவை. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் கூல்டிரிங்கும் தசையை வளர்க்காது.

கர்ப்பிணிக்கு வருவோம். கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட புனே தாய்மாருக்குக் குழந்தை பெரிதாகப் பிறந்தது. சித்தூர்ப் பக்கம் பாலுக்குக் குறைவில்லை. ஆனால் காலையும் மாலையும் கறந்த பால் கேனில் ஏறிப் பால் சென்டருக்குப் போகிறது. வீட்டில் மருமகளுக்கு எவ்வளவு நிற்கிறது? "அதிகம் தின்றால் பிள்ளை பெருத்து, பிரசவம் கஷ்டமாகும்" என்று சொல்லும் மாமியார்களும் இருக்கிறார்கள். அத்தைமார்கள் கோபிக்க வேண்டாம். ஒரு டம்ளர் பாலை எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். முருங்கைக்கீரைக்குக் காசும் வேண்டாம்.

பயிற்சி: வீட்டில் உள்ள தாய் சேய் அட்டையை எடுத்து வாருங்கள். உங்கள் பிள்ளையின் பிறந்த எடையைப் படியுங்கள். அதை நோட்டில் எழுதுங்கள். 2.7-ஐ விடக் கூடவா, குறைவா? இன்றைய எடையை அங்கன்வாடியில் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள்.