மிளகாய் நாற்று

மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். அதற்கு முன் தமிழர் உணவுக்குக் காரம் தந்தது மிளகே. அதனால், புதிதாய் வந்த காய்க்கும் மிளகின் பெயரே அமைந்தது.

இதனை வீட்டில் முதன்முறை வளர்ப்போர் செடியிலேயே நன்கு சிவந்த பழத்தை விதைக்குத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பச்சைக்காயின் விதை முற்றியிராது. பழத்தைப் பிளந்தால், விதைகள் வெண்ணிறத் தசையொன்றில் ஒட்டியிருக்கக் காணலாம். காரத்தின் உறைவிடம் அத்தசையே, விதையன்று. விதையைக் கடித்து நாவெரிந்தவர் இதனை எளிதில் நம்பார். தசையின் காரம் விதைமேல் படிவதே அவ்வெரிச்சலுக்குக் காரணம்.

நிழலில் உலர்த்திய விதைகளை, அடியில் துளையுள்ள தொட்டியில், மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் மேலாக ஊன்றலாம். வெதுவெதுப்பான பருவமாயின் 8 முதல் 10 நாட்களில் முளை தோன்றும்.

இடர் வருவது இதன் பின்னரே. முளையைக் கண்ட மகிழ்ச்சியில் காலையும் மாலையும் நீரை மிகுதியாக வார்ப்பவர் பலர். ஈரம் தேங்கிய மண்ணில் பூஞ்சணம் பெருகும். தண்டு அடியில் நைந்துபோக, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். இந்நோயை நாற்றழுகல் என்பர். சாய்ந்த நாற்று பிழைப்பதில்லை. மீண்டும் விதைக்க வேண்டியதுதான். ஆதலால், மேல்மண் உலர்ந்ததை விரலால் தொட்டறிந்த பின்னரே நீர் தெளித்தல் நன்று.

ஏறத்தாழ 40 நாள் நாற்றை ஒரு மாலை வேளையில் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். கடுங்கோடையில் பூக்கள் காய்க்காமலே உதிரும். அதுகண்டு செடியைப் பிடுங்கிவிடலாகாது; வெயில் தணிந்தபின் மலரும் பூக்கள் காய்பிடிக்கும்.