டயட்னு சொல்லாதே, வேண்டுதல்னு சொல்லு

போன மாசம் மட்டும் மூணு தடவை சர்க்கரையை விட்டுட்டதா எனக்கு போன் பண்ணினே. மூணு தடவையும் யாரோ வீட்டு விசேஷத்துல தோத்துட்டே. உனக்கு வைராக்கியம் இல்லைன்னு திட்ட மாட்டேன்டி. நீ சொன்ன வார்த்தை சரியில்லை.

'டயட்ல இருக்கேன்'னா நம்ம ஆளுங்க விடுவாங்களா? "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு இலையில வச்சுட்டுத்தான் நகருவாங்க. 'வேண்டுதல்'னு சொல்லிப் பாரு, நீட்டின கரண்டி தானா பின்னாடி போகும். புரட்டாசியில பெரியப்பா கறிக்கடைப் பக்கமே போறதில்லையே, எந்த டாக்டர் சொன்னாரு? பொய் சொல்லச் சொல்லல, நிஜமாவே வேண்டிக்கோ.

அடுத்து, சர்க்கரை டப்பாவை உன் மாமியார்கிட்ட கொடுத்துடு. "அத்தை, என் காபிக்கு நீங்களே போடுங்க, அரை ஸ்பூன்தான்"னு சொல்லு. சிரிக்காதே. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர்னு ரெண்டு பேர் 1999-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 7-லேர்ந்து 9 வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல் புதிர் கொடுத்தாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்க தானே தேர்ந்தெடுத்ததை நல்லாப் போட்டுச்சுங்க. ஆசிய வம்சாவளிப் பிள்ளைங்களோ 'உங்க அம்மா தேர்ந்தெடுத்தது'ன்னு சொன்னதை இன்னும் நல்லாப் போட்டுச்சுங்க. படிச்சப்போ எனக்கு நம்ம வீடுதான் ஞாபகம் வந்துச்சு. (அரை ஸ்பூன் கால் ஸ்பூனா சுருங்கினா நான் பொறுப்பில்லை.)

யார் வீட்டுக்காவது போனா காபியே வேண்டாம்னு சொல்லிடாதே, முகம் வாடிடும். அரை டம்ளர், சர்க்கரை இல்லாமன்னு கேட்டு வாங்கிக்கோ.

இப்போ முக்கியமானது. மாலை போட்ட 41 நாளும் உங்க அத்தான் சிகரெட்டைத் தொட மாட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், டீக்கடைக்காரர்கூட 'சாமி'ன்னுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுறவர் முன்னாடி எப்படிப் பத்த வைக்கிறது? மாலையைக் கழட்டினதும் அதே கடை, அதே கூட்டாளிங்க, பழைய பேரு. அன்னிக்குச் சாயங்காலமே சட்டைப்பையில பாக்கெட் இருக்கும். வருஷா வருஷம் இதே கதை. லண்டன்ல பிலிப்பா லாலி குழு பார்த்தப்போ, ஒரு புதுப் பழக்கம் தானா வர சராசரியா 66 நாள் ஆச்சாம், சிலருக்கு 18, சிலருக்கு 254. அப்போ 41-ஓட நிறுத்தினா எப்படி? அதனால இந்தத் தடவை மாலை இறங்கின கையோட காசிக் கயிறு ஒண்ணு கட்டிவிட்டேன். சாயங்கால டீயையும் வீட்டுக்கே மாத்திட்டேன். பொங்கல் தாண்டியாச்சு, இன்னும் தொடல.

உனக்கும் ஒரு கயிறு கூரியர்ல வருது. நீயே கட்டிக்காதே, அத்தையைக் கட்டச் சொல்லு.