உண்ணும் வேளையும் ஓட்டக் களமும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர்)

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த தடகளப் போட்டியில் நம் நண்பர் இருவர் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஒருவர், முக்கால் மணி நேரத்திற்கு முன்புதான் வெண்பொங்கலும் வடையும் வயிறார உண்டவர். மூன்றாம் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். மற்றவர், தேநீர் மட்டும் அருந்தி முதல் பேருந்தில் வந்தவர். 5,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே தலைசுற்றி விழுந்தார். இருவரிடமும் பயிற்சிக் குறைவு இல்லை. உணவு வேளைதான் பிழைத்தது.

ஓடும்போது குருதி தசைகளை நோக்கி விரைகிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் செல்வது குறைகிறது. ஆகவே செரியாத உணவு வயிற்றில் தங்கித் துன்புறுத்துகிறது. நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு நீங்க இன்னும் காலம் பிடிக்கும்.

வெறும் வயிறும் நன்றன்று. மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்னும் பொருளாகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. இரவு முழுதும் உண்ணாதிருப்பதால் கல்லீரலின் சேமிப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. காலையில் அதனை ஈடு செய்தல் வேண்டும்.

ஓட்டத்திற்குப் பின் உண்பதன் சிறப்பை ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் இருவரும் 1966-இல் தம் உடலிலேயே சோதித்து அறிந்தனர். ஒரே மிதிவண்டிப் பொறியை ஆளுக்கொரு காலால் சோர்வுறும்வரை மிதித்தனர். பின் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். மூன்று நாட்களில், உழைத்த காலில் சேர்ந்த கிளைக்கோஜன், ஓய்ந்திருந்த காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று! உழைத்த தசையே உணவை விரும்பி ஏற்கிறது என்பது இதனால் விளங்கும்.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை?

1. பத்து மணிக்குப் போட்டியெனில் ஆறரை அல்லது ஏழு மணிக்குள் இட்லி போன்ற எளிய உணவை உண்க. பூரி, வடை வேண்டா.

2. விடியற்காலைப் பயிற்சிக்கு முன் ஓரிரு வாழைப்பழமும் சிறிது நீரும் போதும்.

3. அன்றே மற்றொரு போட்டி இருப்பின், முதல் போட்டி முடிந்தவுடன் உண்ணத் தொடங்குக. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து ஏற்றது. மறுநாள்தான் போட்டியெனில் இத்துணை விரைவு தேவையில்லை. வழக்கமான வேளைகளில் நிறைவாக உண்டால் போதும்.

4. புதிய உணவைப் போட்டியன்று சோதிக்க வேண்டா. பயிற்சி நாட்களிலேயே பழகுக.

பாலும் முட்டையும் நாள்தோறும் வாங்க இயலாத நிலையில் நம்மில் பலர் உள்ளோம். ஆயினும் இருக்கின்ற இட்லியை உரிய வேளையில் உண்பதற்குக் காசு வேண்டுவதில்லை. விடுதி உணவுக்கூடம் போட்டி நாட்களில் சற்று முன்னதாகத் திறக்கப்படுமாயின், அடுத்த ஆண்டு அவ்விரு நண்பர்களும் எல்லைக் கோட்டைத் தொடுவர் என்பது திண்ணம்.