மனசுக்கு வைத்தியம்... பில்லை யார் கட்டுவது?

'ராத்திரி தூக்கமே வரலை. காரணமே இல்லாம அழுகை அழுகையா வருது' என்று சொல்லும் மனைவியை ஒருவர் டாக்டரிடம் அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். 'வாரம் ஒரு நாள் வந்து மனநல ஆலோசகரிடம் பேசுங்க' என்றும் சொல்கிறார். நாலு வாரம் போகிறார்கள். அம்மணி முகத்தில் கொஞ்சம் தெளிவு. ஐந்தாவது வாரம் கணவர் கணக்குப் பார்க்கிறார். 'சும்மா பேசறதுக்கா இவ்வளவு காசு? அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே!' என்று பில்லை அனுப்புகிறார். 'தர இயலாது' என்று பதில் வருகிறது. அத்தோடு சிகிச்சை பாதியில் நின்றுபோகிறது.

பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. முதல் நாளே விசாரித்திருந்தால் நின்றிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநோய் சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. 2017-ல் நிறைவேறி, 2018 மே 29 முதல் அமலில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் இன்ஷூரன்ஸ் தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது.

அப்படியானால் அந்த பில்லுக்கு ஏன் பணம் வரவில்லை?

'அதே அடிப்படையில்' என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருகிறதா? பெரும்பாலான பாலிசிகளில் கிடையாது. ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது படுக்க வேண்டும். கவுன்சலிங்கோ ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்புகிற வைத்தியம். அதனால், கடுமையான மனச்சோர்வில் அட்மிட் ஆனால் க்ளெய்ம் கிடைக்க வழியுண்டு. வாராவாரம் போகும் கவுன்சலிங்குக்கு, பாலிசியில் 'ஓ.பி.' செலவும் சேர்ந்திருந்தால்தான் உண்டு. அதிலும் கவுன்சலிங் அடங்குமா, வருஷத்துக்கு எவ்வளவு வரை என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறைக்கலாமா?

'பாலிசி எடுக்கறப்போ இதையெல்லாம் சொல்லணுமா? வெளியில தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் என்னாகும்?' என்று தயங்குகிறவர்கள் உண்டு. விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் உண்மையை எழுதிவிடுங்கள். மறைத்தால், நாளைக்குப் பெரிய செலவு வரும்போது க்ளெய்மையே மறுத்துவிடலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், 2024-ல் வந்த விதிப்படி, அதிகபட்சம் 3 வருஷம்தான். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்லும் உரிமையையும் அதே சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கிறது.

ஆபீஸ் பாலிசியில் க்ளெய்ம் செய்தால் மேலதிகாரிக்குத் தெரியுமோ என்று பயமா? காகிதங்கள் யார் கைவழியாகப் போகும் என்று முதலில் கேளுங்கள். தொகை சின்னதாக இருந்தால், கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதிலும் தப்பில்லை. க்ளெய்ம் செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம். ஆனால் விண்ணப்பத்தில் பொய் மட்டும் கூடாது!

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது.

கையில் காசில்லையா?

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். இலவசம்.

தனியாரிடம் போகிறீர்கள் என்றால், முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு முறைக்கு எவ்வளவு? சுமார் எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? கட்டணத்தைக் குறைக்க முடியுமா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் நெருக்கினால், 'வாரத்துக்கு ஒரு முறை வர்றதை ரெண்டு வாரத்துக்கு ஒரு முறையா மாத்தலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வீட்டில் யாராவது 'செத்துப் போயிடலாம் போல இருக்கு' என்று சொன்னால், பாலிசியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!