ரிசர்வுக்கு மாறியது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும்



நமது அறக்கட்டளை வாழ்வாதார உதவியாக வழங்கிய ஒரு பேட்டரி மூன்று சக்கர வண்டியைப் பற்றி எழுதுகிறேன். இதில் நாம் செய்த தவறும் அதன் திருத்தமும், வீட்டில் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கும்.

நடக்க இயலாத சகோதரர் ஒருவர் அந்த வண்டியில் பிளாஸ்டிக் சாமான்களை ஏற்றிக்கொண்டு பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் போவார். உத்திர வீதி, சித்திரை வீதிகளில் விற்றுவிட்டு மாலையில் திரும்புவார். பழைய பேட்டரி செட் திரும்பி வரப் போதவில்லை என்று புதிதாக இன்னொரு செட் வாங்கித் தந்தோம். முதல் செட்டில் வோல்டேஜ் குறைந்தால் தானாக இரண்டாவதற்கு மாறும் சர்க்யூட் ஒன்றை, பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் ஜமாஅத் தம்பி ஒருவர் செய்து பொருத்தினார். சுமையேற்றிச் சோதித்துப் பார்க்காமலே நான் சம்மதித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "பாய், சிந்தாமணியிலிருந்து காவிரிப் பாலம் ஏறும்போது டக்டக்குன்னு சத்தம் வருது. வண்டி வெட்டி வெட்டி இழுக்குது. நடு ரோட்டுல நிக்கிறேன்" என்றார். பின்னால் பஸ்கள் நிற்கின்றன. அவரால் இறங்கித் தள்ளவும் முடியாது.

தம்பியும் நானும் ஓடினோம். அளந்து பார்த்தால் முதல் செட்டில் பாதிச் சார்ஜ் இருந்தது. பிறகு ஏன் இப்படி?

வண்டி 24 வோல்ட். செட்டுக்கு இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள். பாதிச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது ஒரு பேட்டரி ஏறக்குறைய 12.2 வோல்ட் காட்டும்; இரண்டும் சேர்ந்து 24.4. சமதளத்தில் மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது. சுமையோடு ஏற்றத்தில் 25 ஆம்பியர். பழைய பேட்டரியின் உள் தடையும் வயர் தடையும் சேர்ந்து 0.15 ஓம் என்று வையுங்கள். 25-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 3.75. அவ்வளவு வோல்ட் உள்ளேயே விழுந்து, வெளியே 20.65 மட்டும் தெரியும். சர்க்யூட் 21-இல் மாறும்படி வைக்கப்பட்டிருந்தது. பாரம் சுமந்தவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று சர்க்யூட் முடிவு கட்டிவிட்டது!

முதல் செட்டைக் கழற்றியதும் அதற்குச் சுமை இல்லை. வோல்டேஜ் மீண்டும் ஏறியது. "இது நன்றாக இருக்கிறதே" என்று சர்க்யூட் அதற்கே திரும்பியது, மறுபடி விழுந்தது. ரிலே அடித்துக்கொண்டது இதனால்தான். ஒவ்வொரு அடியிலும் பொறி பறந்து காண்டாக்ட் கருகும்; ஒட்டிக்கொண்டு இரண்டு செட்டும் இணைந்துவிட்டால், நிறைந்ததிலிருந்து காலியானதற்குக் கட்டுக்கடங்காத கரண்ட் பாயும்.

இதற்கு மருந்து புதியதல்ல. அமெரிக்காவில் ஓட்டோ ஷ்மிட் என்பவர், கணவாய் மீனின் நரம்புகளை ஆராய்ந்த மாணவப் பருவத்தில், 1934-இல் கண்ட வழி அது: போவதற்கு ஒரு வரம்பு, திரும்புவதற்கு வேறொரு வரம்பு. இன்றும் அந்தச் சர்க்யூட்டுக்கு அவர் பெயர்தான். தம்பி செய்த திருத்தங்கள் இவை:

1. வோல்டேஜ் 21-க்குக் கீழே தொடர்ந்து 30 விநாடி இருந்தால்தான் மாறும். சிறிய ஏற்றம் அதற்குள் முடிந்துவிடும்.

2. முதல் செட் 26 வோல்ட் காட்டினால்தான் அதற்குத் திரும்பும். சார்ஜர் போட்டால் மட்டுமே அது வரும். இரண்டாவதும் இறங்கிவிட்டால் வண்டி நிற்கும். காலியான செட்டைப் பிழிந்தால் அதன் ஆயுள் கெடும்.

3. மாறும்போது முதலில் மோட்டார் கரண்ட் நிற்கும். பிறகு ஒன்று கழன்று, அரை விநாடி கழித்தே மற்றது சேரும். ரிலே டி.சி.க்கு உரியதாக இருக்க வேண்டும். நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், டி.சி.யில் அணையாது.

4. ஒவ்வொரு செட்டின் பாசிட்டிவ் முனையருகே தனி ஃப்யூஸ்.

5. வோல்டேஜ் 21-க்குக் கீழே போனவுடன் பஸ்ஸர் ஒலிக்கும். மாறிய பிறகு சிவப்பு விளக்கு எரியும்.

ஐந்தாவதுதான் முக்கியம். பழைய பைக்கில் ரிசர்வுக்கு நாமே கையால் திருப்பினோம். அதனால் பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்தது. தானாக மாறினால் அந்த ஞாபகம் வராது. இரண்டாவது செட்டும் தீர்ந்த பிறகுதான் தெரியும். ஏற்றத்தில் பஸ்ஸர் கேட்டால் கை பிரேக்கில் இருக்க வேண்டும். மாறும் அரை விநாடி வண்டிக்கு இழுவை இருக்காது.

இரண்டு செட்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயது என்றால் இந்த ஏற்பாடே தேவையில்லை. தொடக்கத்திலிருந்தே இணையாகப் பிணைத்தால் சுமை பங்காகும். அதிக தூரமும் ஓடும். நம்முடையது ஒன்று பழையது, ஒன்று புதியது. அதனால்தான் மாற்றும் சர்க்யூட். பதிவு எண் உள்ள ஸ்கூட்டர், ஆட்டோவில் இப்படிக் கை வைக்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை விருப்பப்படி மாற்றியமைக்க அனுமதிப்பதில்லை.

இம்முறை சாமான் மூட்டையை ஏற்றி, பாலத்தில் நாங்களும் கூடவே நடந்து சோதித்த பிறகே வண்டியை ஒப்படைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஓடுகிறது. மற்றவர் பிழைப்பை நம்பி ஓட்டும் வண்டி நம்மிடம் உள்ள அமானிதம். மேசையில் விளக்கு எரிந்தால் போதாது. சுமையோடு பாலம் ஏற வேண்டும்.