டீசல் குழாயும் சிறு துளையும்

அதிகாலையில் நிலக்கோட்டைப் பூக்களையும் தோட்டத்துத் திராட்சையையும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வேன்கள் கொடைரோடு வழியே விரைவதை நாம் காண்கிறோம். நடுவழியில் வேன் நின்றுவிட்டால் மல்லிகை காத்திருக்குமா? டேங்கில் டீசல் இருந்தும் எஞ்சின் நிற்பது ஏன்?

இளநீரை உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் காற்றுதான் வரும். பல வண்டிகளில் டேங்கிலிருந்து பம்பு டீசலை உறிஞ்சும் பாதையும் அத்தகையதே. ரப்பர் குழாய் வெடித்தாலோ, கிளாம்ப் தளர்ந்தாலோ, வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே உள்ளே காற்று புகுந்துவிடும். இதனையே மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பர்.

டீசலும் மாறியுள்ளது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. கந்தகத்தை நீக்கும்போது வேறு சில சேர்மங்களும் குறைவதால், பழைய ரப்பர் வாஷர்கள் சுருங்கிக் கசிவதுண்டு. ஆகவே பழைய வண்டிக்கு டீசலுக்கென்றே செய்த குழாய், புதிய வாஷர், சரியான அளவுக் கிளாம்ப் ஆகியவற்றைப் பொருத்துதல் நன்று. பின்னர் கைப்பம்பை அழுத்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஒன்றை மறவாதிருப்போம். பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாயில் அழுத்தம் மிக அதிகம்; காமன் ரெயில் எஞ்சினில் அது காற்றழுத்தத்தைப் போல் 1,000 மடங்கையும் தாண்டும். எஞ்சின் ஓடுகையில் அங்குள்ள கசிவைக் கையால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வண்டி ஓட்டும் நம் தந்தையரிடம் இதை இன்றே சொல்வோம். பூவும் வாடாது, உழைக்கும் கையும் காக்கப்படும்.