மாஸ்ரரின் நீராவி றெயில்

கேள்வி: கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வயது எழுபதைத் தொடுகிறது. சின்ன வயதில் சுன்னாகம் ஸ்ரேசனில் நீராவி எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆசை இன்னும் விட்டபாடில்லை. ஓடக்கூடிய மாதிரி ஒன்றை நானே செய்யவேண்டும். லண்டனில் இருக்கும் மகன் பழைய மைபோர்ட் எம்.எல்.7 லேத் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். ஐந்து அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினுக்கான வரைபடமும் கிடைத்திருக்கிறது. வளவில் பழைய மாட்டுக்கொட்டில் சும்மா கிடக்கிறது. லேத்தை எடுப்பிக்கலாமா? கொதிகலனை வீட்டில் செய்வது ஆபத்தா? எங்கே தொடங்குவது?

(வேறு கையெழுத்தில்: இவர் என்ரை குத்துவிளக்கையும் செம்பையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அதுகளையும் உருக்கப் போகிறாரோ?)

— ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்

பதில்: மாஸ்ரர், லேத்தை அனுப்பச் சொல்லுங்கள். வரைபடம் இப்போதைக்கு லண்டனிலேயே இருக்கட்டும்.

ஏன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வரைபடம் பிரித்தானியப் பாதையை வைத்துப் போட்டது. அங்கே இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 4 அடி 8½ அங்குலம், அதாவது 56.5 அங்குலம். ஐந்தால் வகுத்தால் 11.3. எஞ்சினின் ஒவ்வொரு உறுப்பும் ஏறத்தாழ அந்தப் பங்குக்குச் சுருக்கப்பட்டிருக்கும். 1905 இல் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்த எங்கள் பாதையோ 5 அடி 6 அங்குலம். 66 ஐ ஐந்தால் வகுத்தால் 13.2. வரைபடத்தில் உள்ளபடி செய்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஆங்கில எஞ்சின். சுன்னாகத்தில் நீங்கள் கண்டது அல்ல. பழைய தேசாதிபதிகளின் பேரைச் சுமந்துகொண்டு ஓடிய எங்கள் பி1 வகுப்பு எஞ்சினை அதே 11.3 இல் செய்தால் சக்கரங்கள் 5.84 அங்குலம் விலகி நிற்கவேண்டும். அந்த அகலத் தண்டவாளத்தை நீங்களேதான் வளவுக்குள் போடவேண்டி வரும். 13.2 இல் புதிதாக வரைவதுதான் நேரான வழி. கணித வாத்தியாருக்கு அது தண்டனை இல்லை, ஆனால் அது மூன்றாம் வருட வேலை.

முதல் மாதத்து வேலைக்கு லேத்தே தேவையில்லை. நல்ல பாரமான வைஸ் ஒன்று, பத்து அங்குலத் தட்டை அரம் இரண்டு, வாள், மூலைமட்டம், வெர்னியர். ஒரு துண்டு மெல்லுருக்கை எடுத்து 25 மில்லிமீற்றர்க் கனசதுரமாக அரத்தாலேயே ராவுங்கள். ஆறு முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கவேண்டும், அளவில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுக்கு மேல் பிழை வரக்கூடாது. முதல் கட்டை நிச்சயம் ஒரு பக்கம் வழிந்துதான் வரும். மூன்றாவது கட்டையில் கை பழகும். கையில் அளவு ஏறாதவருக்கு லேத்தும் அளவு காட்டாது.

மேசைக்குக் கடைப்பலகை வாங்காதீர்கள். முற்றின பனையின் கறுத்த வைரப்பக்கம் இருந்தால் அதுவே மேல்பலகை. சுத்தியல் அடிக்குத் துள்ளாது.

மாட்டுக்கொட்டில் விசயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் பிரித்தானியப் படை பித்தளைத் தோட்டாக்களைக் குதிரைலாயங்களில் வைத்திருந்த காலத்தில், மழைக்காலம் வந்தால் கோதுகள் தாமாகவே வெடித்துக் கீறல் விட்டன. பருவகால வெடிப்பு என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். 1921 இல்தான் காரணம் தெளிவாக வெளிவந்தது: குதிரை மூத்திரத்து அமோனியா. மாடும் அதைத்தான் விட்டுச் சென்றிருக்கும். பழைய நிலத்தைக் கிளறி எடுத்துவிட்டுச் சீமெந்து போடுங்கள், சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள், ஒரு கோடை காயவிடுங்கள். யூரியா மூட்டையையும் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையும் அந்தக் கூரைக்குள் ஒருநாளும் வைக்காதீர்கள். குளோரின் தூள் ஒரே இரவில் லேத்தைச் சிவக்க வைக்கும்.

இனி லேத். எம்.எல்.7 1946 இல் சந்தைக்கு வந்தது. அதைச் செய்த பழைய தொழிற்சாலை 2011 இல் மூடப்பட்டுவிட்டது. ஏழு அங்குல விட்டம் வரை சுழற்றலாம், இரு முனைகளுக்கும் இடையில் இருபது அங்குலம். வீட்டு வேலைக்குத் தாராளம். மகன் காசு கொடுக்கமுன் இரண்டு சோதனை செய்யட்டும். ஒன்று, லேத்தின் சறுக்குவண்டியை, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கின் பக்கம் கொண்டுபோய், அது மெல்ல ஊரும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, மற்ற முனைக்கு உருட்டவேண்டும். போகப்போக இறுகினால் படுக்கை சக்கின் கிட்டத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் எல்லோரும் வேலை செய்வது அந்த இடத்தில்தான். மற்றது, சுழல்தண்டின் மேல் டயல் மானியை வைத்துவிட்டு, சக்குக்குக் கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பவேண்டும். ஊசி ஆயிரத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் துள்ளினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கைப்பிடியைத் திருப்பும்போது உள்ள ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது எல்லாப் பழைய லேத்திலும் உண்டு.

மோட்டார் ஒற்றைக் கட்டமா என்று கேளுங்கள். மூன்று கட்ட மோட்டார் என்றால் வேகம் மாற்றும் இன்வேட்டர் ஒன்றும் சேர்த்து வரவேண்டும், எங்கள் வீட்டு 230 வோல்ட் இணைப்பில் நேராக ஓடாது. அந்த லேத்தின் திருகுத்தண்டின் மரை அங்குல அளவு. மில்லிமீற்றர் மரை சரியாக வெட்டுவதற்கு 127 பல்லுச் சக்கரம் ஒன்று வேண்டும். 25.4 ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அது முதன்மை எண் என்பதால் அதைவிடச் சின்னச் சக்கரத்தால் துல்லியமாகச் செய்யவே முடியாது. உங்கள் மாணவர்கள் முதன்மை எண்ணால் என்ன பிரயோசனம் என்று எப்போதாவது கேட்டிருந்தால், பதில் இதுதான்.

பழைய இரும்புக்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? இந்தக் குடாநாட்டில் அந்தக் கவலை வேண்டாம். துலாவை விட்டு வயல்கள் இறைக்கும் மெசினுக்கு மாறிய நாளிலிருந்தே இங்கே ஒவ்வொரு சந்திக்கும் ஒரு திருத்துநர் இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து, பெற்றோலும் பற்றரியும் இல்லாமல் போனபோது இந்த ஊர்ப் பட்டறைகள் எல்லாம் ஒரு பல்கலைக்கழகமாக நடந்தன. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. தொடக்கி எழுப்ப மட்டும் சூப்பிப் போத்தலால் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் பீச்சினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். மின்சாரம் இல்லாத அந்த வருடங்களை நினைத்து, இன்றும் தையல் மெசின் மிதியைச் சின்னக் கடைசலுக்குப் பூட்டி வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். செத்துப்போன இறைக்கும் மெசின் ஒன்றை நிறைக்கு வாங்குங்கள். முழுவதும் கழற்றுங்கள். வார்ப்பிரும்பும் நல்ல உருக்குத் தண்டும் கிடைக்கும். பிஸ்ரன் வளையம் எப்படிப் பொருந்துகிறது என்பதும் விளங்கும். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு தொடங்கியதும் இப்படித்தான்: உணவகத்தில் வேலை செய்து சேர்த்த காசில் வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கினார், அதைக் கழற்றிப் பூட்டினார். பழைய பிரின்ரரின் உள்ளே இருக்கும் பளபளப்பான தண்டுகளையும் எறியாதீர்கள். பிஸ்ரன் கோலுக்கு அதைவிட நேரான கம்பியைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

முதல் எஞ்சின் ஊஞ்சல் சிலிண்டர் எஞ்சின் ஆகட்டும். சிலிண்டரே ஒரு ஆணியில் ஆடும், அப்படி ஆடும்போது அதன் முகத்தில் உள்ள துளை ஒரு பக்கம் வரவுத் துளையோடும் மறுபக்கம் போக்குத் துளையோடும் பொருந்தும். தனி வால்வே இல்லை. சிலிண்டரின் உள்விட்டம் 12 மில்லிமீற்றர், அடிவீச்சு 20 மில்லிமீற்றர் வைத்துக்கொண்டால் சைக்கிள் பம்பின் காற்றுக்கே ஓடிவிடும். ஓடாவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆடும் முகமும் நிற்கும் முகமும் தட்டையில்லை. கண்ணாடித் துண்டின் மேல் மென்மையான எமரித்தாளை ஒட்டி, எண்ணெய் விட்டுத் தேயுங்கள்.

அடுத்தது சூடான காற்று எஞ்சின். ஸ்கொட்லாந்துப் பாதிரியார் ரொபேர்ட் ஸ்ரேலிங் 1816 இல் காப்புரிமை எடுத்தது. கொதிகலன் இல்லை, வெடிக்க ஒன்றுமில்லை, ஸ்பிரிற் விளக்கின் சூட்டுக்கு ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் பெரிய வடிவங்களைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கவும் பாவித்தார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரைச் சின்னக் கிணற்று மாதிரியிலிருந்து தூக்கும் ஸ்ரேலிங் ஒன்றை நீங்கள் செய்தால், றெயிலைவிட அதற்குத்தான் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள்.

கொதிகலனுக்கு வருவோம். ஆபத்தா என்றால், ஈயப்பற்றால் ஒட்டினால் ஆபத்து, வெள்ளி ஒட்டால் ஒழுங்காகச் செய்தால் இல்லை. சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கத்தில் நீராவி ஏறத்தாழ 153 பாகை செல்சியஸ். சாதாரண ஈயப்பற்று 183 இல் உருகிவிடும். தண்ணீர் சற்று இறங்கி நெருப்பு நேரே பட்டால் கதை முடிந்தது. வெள்ளி ஒட்டுக்கு 650 பாகை அளவில் சூடு வேண்டும்.

அந்தக் கலையைக் கற்கப் புத்தகம் தேவையில்லை. கன்னாதிட்டிக்குப் போய் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரோடு ஒரு பின்னேரம் இருங்கள். வெங்காரத்தைக் குழைத்துப் பூசுவதும், பொடி வைத்து ஊதுவதும், ஒட்டு உருகி இணைப்புக்குள் தானே ஓடி இறங்கும் கணத்தைக் கண்ணால் பிடிப்பதும் அவருக்கு மூச்சுப் போல. பொடி வைத்துப் பேசுகிறான் என்று நாங்கள் சொல்வதே அந்தத் தொழிலின் சொல்தான் என்பார்கள். ஒரேயொரு வித்தியாசம்: மூன்று அங்குலச் செம்புக் குழாய் சூட்டை வாங்கி ஓடிவிடும், அவருடைய ஊதுகுழல் காணாது. பெரிய வாயு ரோச்சும் சுற்றிவரச் சூளைக்கல்லும் வேண்டும். பழைய ஒட்டுக்கம்பி ஒன்றும் இரவல் வாங்காதீர்கள். கே.டி.எம். நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தப் பெயர் கட்மியத்தைக் குறிப்பது. அது கலந்த ஒட்டின் புகை நுரையீரலுக்கு விசம். கட்மியம் இல்லாதது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

பலம் காணுமா என்ற கணக்கு எளிது. அமுக்கத்தை விட்டத்தால் பெருக்கி, தடிப்பின் இருமடங்கால் வகுக்கவேண்டும். மூன்று அங்குலக் குழாய், பதினாறில் ஒரு அங்குலத் தடிப்பு, 60 இறாத்தல் என்றால் 1,440 வரும். சூடாக்கி இளகிய செம்பின் பலத்தை 25,000 என்று குறைத்தே வைத்தாலும் பதினேழு மடங்கு இடமிருக்கிறது. குழாய்க்கு மட்டும்தான் அது. தட்டையான முனைத்தகடுகள் ஊதிப் புடைக்கும், அவற்றுக்கு இடையில் தாங்குகம்பிகள் போட்டே ஆகவேண்டும். முடிந்ததும் வாய்வரை தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் 120 இறாத்தல் ஏற்றிப் பாருங்கள். காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது; விரிசல் விட்டால் ஒரு சொட்டுச் சிந்தி அமுக்கம் விழும். காற்று அப்படியில்லை, அது குண்டு.

கிணற்றுத் தண்ணீரை அந்தக் கொதிகலனுக்குள் ஊற்றாதீர்கள். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் தண்ணீர்.

வாடைக்காற்று அடிக்கும் மாரியில் லேத்தை மூடிய துணிக்குள் 40 வாற்ஸ் பழைய குண்டுபல்ப் ஒன்றை எரியவிடுங்கள், ஈரம் படியாது. தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், நாள்போகக் காறலெடுத்துப் பித்தளையைப் பச்சையாக்கும். நல்லெண்ணெயும் அப்படியே.

இன்னொன்று. சாரத்தோடு லேத்துக்குக் கிட்டப் போகவேண்டாம். சால்வையும் கையுறையும் கூடாது. சக்குச் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது.

அம்மாவுக்கு: குத்துவிளக்கை ஒளித்து வையுங்கள். ஆனால் அவர் அதை உருக்கினாலும் உருப்படியாக ஒன்றும் வராது. நாகம் தனியே 907 பாகையிலேயே கொதிப்பது; பித்தளையை உருக்கும்போது அதற்குள் இருக்கும் நாகம் வெள்ளைப் புகையாகப் போகும். அந்தப் புகையைக் குடித்தவருக்கு அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். மிச்சம் கிடக்கும் உலோகம் துளைத் துளையாக இருக்கும். கடைசலுக்கென்று ஈயம் சற்றுக் கலந்த பித்தளைக் கோல் தனியாக விற்கிறார்கள். அவருக்கு அதில் இரண்டு அடி வாங்கிக் கொடுங்கள்.